கேட்டு வாங்குக

ஒலிபெருக்கி என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் வருவது, திருவிழாக் காலத்திலே தென்னைமர உச்சியிற் கட்டப்பெற்று ஊரையெல்லாம் துயிலெழுப்பும் புனல்வடிவக் கருவியேயாம். இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. வீட்டின் முன்னறையில் இரு மரப்பெட்டிகளாக அமர்ந்து, வீணையை வீணையாகவும் மிருதங்கத்தை மிருதங்கமாகவும் ஒலிக்கச் செய்யும் கருவியைப் பற்றியே ஈண்டுப் பேசப் புகுகின்றோம். மேனாட்டார் இதனை ‘ஹை-பை’ என்பர். மூல ஒலிக்கு மிக உண்மையாக நிற்பது என்பது அச்சொல்லின் கருத்து.

இத்தகைய பெட்டிகளைப் பெருந்தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கிற் செய்து விற்கின்றன. எனினும், சிறு பட்டறையொன்றிற் சொல்லிச் செய்விக்கும் வழக்கமும் பல நாடுகளில் இருந்து வருகின்றது. ஒலியுறுப்புக்களைத் தனியே வருவித்து, மரத்தை அளந்தறுத்து, வாங்குவோரின் அறைக்கும் விருப்பத்துக்கும் ஏற்பப் பெட்டி செய்து கொடுப்போர் உளர். பட்டறை நல்லதாயின், கொடுத்த பணத்தில் விளம்பரத்துக்குச் செல்லும் பங்கு குறைந்து, மரத்துக்கும் காந்தத்துக்கும் செல்லும் பங்கு கூடும். ஆயினும் இதிலே இடர் ஒன்றுண்டு. கடையில் உள்ள பொருளைக் கேட்டுப் பார்த்து வாங்கலாம். சொல்லிச் செய்விப்பதோ, முற்பணம் கொடுக்கும் நாளில் உலகிலேயே இல்லாத பொருள். பிள்ளைகளின் கல்விச் செலவும், ஒழுகும் கூரையைத் திருத்தும் செலவும் காத்திருக்கின்ற வீட்டிலே, பல மாதச் சேமிப்பை இன்னும் பிறவாத ஓர் ஒலிக்காகக் கொடுப்பது சிறு காரியமன்று. அவ்வொலியை முன்கூட்டியே மதிப்பிடுதற்கு வழியுண்டா என்று அன்பர் சிலர் வினவினர். உண்டு என்பதே நமது விடை.

முதலிற் கருவியின் இயல்பை அறிவோம். பௌதிகம் பயிலும் மாணவர் அறிந்த விதியொன்றே இதற்கு அடிப்படை. காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது அச்சுருள் விசையுறும். மின்னோட்டத்தின் திசை மாறின் விசையின் திசையும் மாறும். அச்சுருளைத் தாட்கூம்பு ஒன்றோடு ஒட்டிவிட்டால், இசையின் அதிர்வுக்கேற்பக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை உந்தும். அமெரிக்காவிலே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திற் பணியாற்றிய செஸ்டர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவரும் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசெம்பர் மாதத்திலேதான் கொழும்பு வானொலியும் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும், விற்பனையாகும் ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலானவை அவ்விருவர் வகுத்த வழியிலேயே இயங்குகின்றன.

அவ்வாறாயின் மரப்பெட்டி எதற்கு? கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருக்கமடையும். பின்புறக் காற்று ஐதாகும். முன்னலையும் பின்னலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் ஆதலின், செக்கனுக்கு 50 முறை அதிரும் மந்தத் தொனியின் அலைநீளம் 6.8 மீற்றர் ஆகின்றது. இத்துணை நீண்ட அலைகள் சிறு கூம்பின் விளிம்பை எளிதிற் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டியின்றி மேசைமேல் வைக்கப்பட்ட உறுப்பு மெலிந்து ஒலிப்பது இதனாலேயாம். பெட்டி இவ்விரு அலைகளையும் பிரித்து வைக்கின்றது. ஆனால் பிரித்துவைக்க வேண்டிய பெட்டியின் பலகையே அதிரத் தொடங்கினால், பாடுவோர் பத்தாயத்தினுள் இருந்து பாடுவது போன்ற மூடிய ஓசை பிறக்கும். ஆகவே, பெட்டியின் மெருகைக் கண்டு மகிழுமுன் அதன் பக்கப்பலகையை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தல் வேண்டும். கல்லைத் தட்டியது போன்று ஒலி உடனே அடங்குமாயின் நன்று; முழவு போல நின்று அதிருமாயின் அப்பெட்டி எல்லாப் பாட்டிலும் தன் குரலையும் கலக்கும்.

இதனை நன்கு உணர்ந்தவர் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த கில்பேட் பிறிக்ஸ். துணி வணிகத்தில் ஈடுபட்டிருந்த இவர் பியானோ இசையில் நாட்டம் மிக்கவர். 1932இல், இல்க்லி என்னும் ஊரில் உள்ள தம் வீட்டு நிலவறையிலே ஒலிபெருக்கி செய்யத் தொடங்கி, அவ்வூர் அமைந்துள்ள பள்ளத்தாக்கின் பெயராலே ‘வாஃப்டேல்’ என்னும் நிறுவனத்தை உண்டாக்கினார். ஒலிபெருக்கிகளைப் பற்றி 1948இல் அவர் வெளியிட்ட நூல், கணிதம் அறியாதாரும் விளங்கிக்கொள்ளும் நடையில் அமைந்தது. பலகையின் அதிர்வை அடக்குதற்கு இரு ஒட்டுப்பலகைகளின் நடுவே உலர்ந்த மணலை நிரப்பும் முறையை அவர் கையாண்டார். அம்மணல் அதிர்வை விழுங்கிவிடும். இன்றும் வீட்டில் தாமே பெட்டி செய்வோர் சிலர் இம்முறையைப் பின்பற்றுவர்.

ஆயினும், பிறிக்ஸ் செய்தவற்றுள் வாங்குவோராகிய நமக்குப் பெரிதும் பயன்படுவது வேறொன்று. 1954ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரின் றோயல் பெஸ்டிவல் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நிறைந்த அவையிலே தம் ஒலிபெருக்கிகளைப் பரீட்சைக்கு நிறுத்தினார். விரியலாக்கிகளைக் ‘குவாட்’ நிறுவனத்துப் பீற்றர் வோக்கர் அமைத்துக் கொடுத்தார். மேடையிலே கலைஞர் நேரில் வாசிப்பதும், பதிவு செய்யப்பட்ட வாசிப்பு ஒலிபெருக்கியில் எழுவதும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இரண்டையும் ஒப்பிடும் பொறுப்பு அவையோரின் செவிக்கே விடப்பட்டது. மறு ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்திலும் இத்தகைய நிகழ்ச்சியை நடத்தினார். தன் சரக்கை உயிருள்ள இசையின் பக்கத்திலேயே வைத்துக் காட்டும் துணிவு எல்லா வணிகர்க்கும் வருவதன்று.

இவ்வகைப் பரீட்சைக்கு மற்றொரு முகமும் உண்டு. 1915 முதற் பத்தாண்டுக் காலம் தோமஸ் எடிசனின் நிறுவனம் அமெரிக்க நகரங்களில் இதுபோன்ற காட்சிகளை நடத்தியது. பாடகி பாடிக்கொண்டே இருந்து இடையில் வாயை மூடுவார். அவர் விட்ட இடத்திலிருந்து இசைத்தட்டுப் பாடும். அவையோர் வேறுபாடு அறியாது மயங்கினர் என்று பெரிதும் விளம்பரம் செய்யப்பட்டது. ஆனால், அங்ஙனம் பாடியவர்களுள் ஒருவரான அனா கேஸ், இயந்திரத்தின் ஒலிக்கு ஒப்புமாறு தம் குரலை அமைத்துப் பாடியதாகப் பல்லாண்டு கழித்துக் கூறினார். கருவி மனிதரைப் போலப் பாடியதாக எல்லோரும் எண்ணியிருக்க, மனிதரே கருவியைப் போலப் பாடியிருக்கின்றார்! விற்பனைக் கூடத்துள் நுழையும் ஒவ்வொருவரும் இக்கதையை நினைவில் வைத்தல் நலம். விற்பவர் தாமே தேர்ந்து போட்டுக் காட்டும் பதிவு, பெரும்பாலும் அப்பெட்டியின் குறை வெளிப்படாத பதிவாகவே இருக்கும்.

ஆதலின், பதிவை நாமே கொண்டுசெல்லல் வேண்டும். எதனைக் கொண்டுசெல்வது? பேரிடி போன்ற முழக்கமும், வானூர்தி பறக்கும் ஓசையும் கேட்போரைத் திகைக்கச் செய்யும். ஆனால் அவை சரியாக ஒலித்தனவா என்று கூற யாரால் இயலும்? நாம் பிறந்த நாள் முதல் அறிந்த ஒலி மனிதக் குரலொன்றே. பி.பி.சி. நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பொறியியலாளரும், ஒலிபெருக்கிகளை மதிப்பிடும்போது, கருவிகளின் அளவீட்டோடு நில்லாது, மனிதர் நேரிற் பேசும் குரலையும் அக்குரல் ஒலிபெருக்கி வழியாக வருவதையும் ஒப்பிட்டுக் கேட்டனர்.

இதனை நம் வீட்டிலும் செய்யலாம். தாயார் ஒரு பக்கம் வாசிப்பதையோ, மகள் வீணை மீட்டுவதையோ திறந்த முற்றத்தில், அருகிலே வைத்துப் பதிவு செய்க. கைத்தொலைபேசியின் பதிவு குறையுடையதேயாயினும், நல்ல ஒலிவாங்கி ஒன்றை இரவல் பெற்றால் அக்குறை பெரிதும் நீங்கும். பட்டறைக்காரர் முன்னர் செய்து கொடுத்த பெட்டிகளிற் சோடியொன்றை அமைத்து, அவற்றின் நடுவே அப்பதிவுக்குரியவரையே இருத்தி, ஒருமுறை அவர் வாசிக்கவும் ஒருமுறை பதிவு ஒலிக்கவும் கேளுங்கள். தாயாரின் குரல் நெஞ்சிலிருந்து வராது பானையிலிருந்து வருவது போலிருந்தால் மந்தப்பகுதி மிகுந்துள்ளது. ‘ச’கரமும் ‘ஸ’கரமும் ஊசி போலக் குத்தினால் உச்சப்பகுதி மிகுந்துள்ளது. இவ்வாறு ஒரு மணிநேரம் செலவிட்டால், விளம்பரத் தாள்கள் பலவற்றைப் படித்தும் பெறாத அறிவைப் பெறலாம்.

ஒப்பிடும்போது எச்சரிக்கை ஒன்று தேவை. இரு பெட்டிகளில் எது சிறிதளவு உரத்து ஒலிக்கின்றதோ அதுவே சிறந்ததெனச் செவி மயங்கும். எனவே இரண்டையும் ஒரே உரப்பில் வைத்தே ஒப்பிடல் வேண்டும். இவ்விடத்தே ‘உவாற்று’க் கணக்கின் மாயத்தையும் மாணவர் அறிதல் தகும். வலுவை இருமடங்காக்கினால் ஒலிமட்டம் 3 தெசிபல் மாத்திரமே உயரும். ஒரு மீற்றர் தூரத்தில், ஓர் உவாற்றுக்கு 84 தெசிபல் தரும் பெட்டிக்கு 40 உவாற்று வேண்டியிருக்கும் இடத்தில், 90 தெசிபல் தரும் பெட்டிக்கு 10 உவாற்றே போதும். ஆகவே, பெட்டியில் எழுதப்பட்ட பெரிய எண்ணைக் கண்டு வியத்தல் வேண்டா. மேற்கூறிய உணர்திறன் எண் யாது என்று வினவுக.

தீர்ப்பு வழங்குவது யார்? பணம் கொடுக்கும் தந்தையே என்பது வழக்கம். ஆனால், வயது ஏற ஏற உச்சத் தொனிகளைக் கேட்கும் ஆற்றல் மனிதர்க்குக் குறைந்துகொண்டே வரும் என்பது உடற்றொழிலியல் கூறும் உண்மை. தந்தையார்க்கு எட்டாத கீச்சொலியொன்று பன்னிரண்டு வயது மகனை முகஞ்சுளிக்க வைக்கலாம். குறையுள்ள பெட்டியை அறியாது வாங்கிவிட்டால், அதனோடு நாடோறும் வாழ வேண்டியவர்கள் அப்பிள்ளைகளே. ஆதலின் குடும்பம் முழுவதும் அமர்ந்து கேட்டு, ஒவ்வொருவரும் தத்தம் கருத்தைத் தனித்தனியே தாளில் எழுதிய பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

இனி, பெட்டி வந்து அமரவிருக்கும் அறையையும் எண்ணுதல் வேண்டும். குளிர்நாட்டு வீடுகளில் தடித்த கம்பளமும் திரைகளும் எதிரொலியை விழுங்கும். நம் வீடுகளிலோ சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைப் பந்துபோல் திருப்பி எறிகின்றன. மேலும், 4 மீற்றர் இடைவெளியுள்ள இரு எதிர்ச்சுவர்களின் நடுவே செக்கனுக்கு ஏறத்தாழ 43 அதிர்வுடைய தொனி பரிவுற்று வீங்கும். பெட்டியை மூலையில் ஒதுக்கிவைத்தால் இவ்வீக்கம் மிகும். பெட்டிகளைச் சுவரிலிருந்து சிறிது முன்னே நகர்த்தி, இரு பெட்டிகளும் கேட்போர் இருக்கையும் சமபக்க முக்கோணமாக அமையுமாறு வைத்து, தரையில் ஒரு பாய், யன்னலுக்கு ஒரு திரை, சுவரோரம் நூல் நிறைந்த அலுமாரி ஒன்று என அமைத்தால், அதிகச் செலவின்றியே ஒலி தெளிவுறும். ஈரக் காற்றும் கறையானும் நம் நாட்டிற்குரிய பகைவர். ஈரம் பட்டால் ஊதிப்போகும் தூட்பலகையை நீக்கி, நல்ல ஒட்டுப்பலகையைக் கேட்டுப் பெறுக. கூம்பின் விளிம்பு நுரைப்பொருளாலானதாயின் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடக் கூடும். இறப்பராலாயது நெடுநாள் நிலைக்கும்.

முற்பணம் கொடுக்குமுன் பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டிய வினா ஒன்று எஞ்சியுள்ளது. ‘பெட்டியின் கொள்ளளவை எவ்வாறு தீர்மானித்தீர்?’ என்பதே அது. முற்காலத்தே இது பெரும்பாலும் பட்டறிவினாற் கண்டறியப்பட்டது. 1961இல் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் வெளியிட்ட ஆய்வும், அதனைப் பின்தொடர்ந்து 1970களில் றிச்சட் சிமோல் செய்த ஆய்வும் இதனைக் கணக்காக்கின. உறுப்பைச் செய்யும் நிறுவனங்கள் அதற்குரிய எண்களை வெளியிடுகின்றன; கணினியில் அவற்றை இட்டால் பொருத்தமான கொள்ளளவைக் கணித்துவிடலாம். நேர்மையான தொழிலாளி இவ்வினாவை விரும்பி வரவேற்பார்; தம் கணக்கையும் காட்டுவார். உறுப்பின் பெயர், பலகையின் தடிப்பு, ஒப்படைக்கும் நாள், ஒலி ஒவ்வாதாயின் திருத்தித் தரும் பொறுப்பு ஆகியவற்றை எழுத்திற் பெற்றுக்கொள்வது இரு சாராருக்கும் நன்மையே.

காதிற் செருகும் சிறு கருவிகள் மலிந்த இக்காலத்தில் இத்துணை முயற்சி எதற்கு என்று இளைஞர் வினவலாம். அக்கருவிகள் நல்லிசை தருவனவே. ஆயினும், ஒரே வீட்டில் நால்வர் நான்கு மூலைகளில் இருந்து நான்கு பாடல்களைக் கேட்கும் காட்சியை நாடோறும் காண்கின்றோம். ஒலிபெருக்கியோ கேட்போரை ஓர் அறையிற் கூட்டுகின்றது. பாட்டனார் தாளமிட, பேரன் இராகத்தின் பெயரை வினவ, தாயார் கீரை ஆய்ந்தபடியே விடை கூறும் மாலைப்பொழுதொன்றுக்காகவே இச்செலவைச் செய்கின்றோம். அதற்குப் பெரும் பெட்டி வேண்டியதில்லை. பொய்யுரையாத பெட்டி வேண்டும். ஆகவே, முற்பணத்தோடு பட்டறைக்குப் புறப்படும் நாளில் பிள்ளைகளையும் அம்மம்மாவையும் உடனழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்டு முடியும் வரை பணப்பை மூடியே இருக்கட்டும்.