கேமரா பார்க்கும், கதவை யார் திறப்பது?

வீட்டிற்கு பிராட்பேண்ட் இணைப்பும் வை-ஃபை ரூட்டரும் வந்துவிட்டால், அவற்றுடன் இணைத்துப் பயன்படுத்தும் சாதனங்களும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். அவற்றில் பலரும் விரும்பி வாங்குவது வை-ஃபை கேமரா. ரூ.2,000 முதல் ரூ.3,000 வரை செலவழித்தால், நாலாபுறமும் திரும்பும், இருட்டிலும் படம் காட்டும், நாம் மொபைலில் பேசினால் வீட்டில் ஒலிக்கும் கேமரா ஒன்று கிடைத்துவிடும். வாசலைப் பார்க்க, வயதான பெற்றோரைப் பார்க்க என வாங்குபவர்கள் போக, வேலைக்குச் செல்லும்போது வீட்டில் தனியாக விட்டுவரும் நாயைப் பார்க்க வாங்குபவர்களும் இருக்கிறார்கள். "எந்த மாடல் வாங்கலாம்?" என்று அவர்களில் யாராவது என்னிடம் கேட்டால், நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். "மதியம் ஒரு மணிக்கு உங்கள் வீட்டுக் கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள்?" இதற்குப் பதில் இல்லை என்றால் கேமரா வாங்குவதில் பயனில்லை என்பதே என் கருத்து. ஏன் என்று பார்க்கலாம்.

பதினோரு மணி நேரக் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என நீளும் தொழிற்சாலைப் பகுதியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010ல் ரெனோ-நிசான் தொழிற்சாலை வந்தது. இப்படி ஒவ்வொன்றாக வந்த ஆலைகளை நம்பி, சொந்த ஊரை விட்டு வந்து வாடகை வீடுகளில் தங்கியிருப்பவர்கள் இங்கு ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், உற்பத்திப் பிரிவுக்கான சாப்ட்வேர் எழுதும் வேலை. படப்பையில் மாடி வீடு. கூடவே மணி. ஆறு கிலோ எடையுள்ள வெள்ளை ஸ்பிட்ஸ் நாய். நம் ஊரில் பலரும் பொமரேனியன் என்று அழைப்பது இந்த வகையைத்தான்.

காலை 7.15க்கு கம்பெனி பஸ். மாலை வீடு திரும்பும்போது 6.30. ஆக 11 மணி 15 நிமிடம். வேலை நேரம் எட்டரை மணிதான் என்றாலும், நாய்க்குப் பஸ் நேரமும் சேர்த்துத்தான் கணக்கு.

இது அதிகமா, குறைவா? ஸ்வீடன் நாட்டின் விலங்கு நல விதிகளின்படி, பகல் நேரத்தில் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறையாவது நாயை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். பிரிட்டனின் டாக்ஸ் டிரஸ்ட் அமைப்பு, நான்கு மணி நேரத்திற்கு மேல் நாயைத் தனியாக விட வேண்டாம் என்கிறது. நம் நாட்டில் 1960ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. எப்போதும் கட்டிப் போட்டோ, அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தரத் தவறுவதையும் அதன் 11வது பிரிவு வதை என்றே குறிப்பிடுகிறது. முதல் முறைக்கான அபராதமாக அதில் எழுதப்பட்டது 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான் என்பது வேறு விஷயம்! எந்த அளவுகோலை எடுத்துக் கொண்டாலும் 11 மணி நேரம் மிக அதிகம். அதுவும் குட்டியாக இருந்தால், மாதத்திற்கு ஒரு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. மூன்று மாதக் குட்டியால் சுமார் மூன்று மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும்.

காபி பாத்திரம் தந்த பாடம்

உலகின் முதல் வெப் கேமரா எதைப் படம் பிடித்தது தெரியுமா? காபி பாத்திரத்தை! 1991ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில், டிரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே காபி மேக்கர் ஒன்று இருந்தது. மற்ற அறைகளிலும் மாடிகளிலும் இருந்தவர்கள் ஆசையாக வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். எனவே அதன் முன் ஒரு கேமராவை வைத்து, 128க்கு 128 பிக்சல் கறுப்பு வெள்ளைப் படத்தை எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் காட்டினார்கள். 1993ல் அது இன்டர்நெட்டிற்கு வந்தது. 2001 ஆகஸ்டில் நிறுத்தப்படும் வரை உலகம் முழுவதும் மக்கள் அதனைப் பார்த்தனர்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் படம் பயன்பட்டது. ஏனென்றால் பார்த்தவுடன் எழுந்து சென்று காபி எடுத்து வர முடிந்தது. உலகின் மறுகோடியில் இருந்து பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை மட்டுமே. கேமரா ஒன்றுதான், படமும் ஒன்றுதான். நடந்து செல்லும் தூரத்தில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் வித்தியாசம். ஒரகடத்தில் இருந்துகொண்டு படப்பையில் உள்ள நாயைப் பார்க்கும் நான், இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவன்.

விளக்கு எரிந்தால் ஆள் வர வேண்டும்

எங்கள் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு ஆன்டான் விளக்கு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் பிரபலப்படுத்திய முறை இது. அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு ஏதேனும் பிரச்னை என்றால் அருகில் உள்ள கயிற்றை இழுப்பார், அல்லது பட்டனை அழுத்துவார். மேலே விளக்கு எரியும். உடனே டீம் லீடர் அந்த இடத்திற்கு வர வேண்டும். குறிப்பிட்ட நேரத்திற்குள் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். விளக்கு எரிந்தும் யாரும் வரவில்லை என்றால், அது வெறும் அலங்கார விளக்கு.

ஆலையில் இந்த விதியைக் கடைப்பிடிக்கும் நாம், வீட்டில் அதனை மறந்துவிடுகிறோம். "அசைவு கண்டறியப்பட்டது", "சத்தம் கண்டறியப்பட்டது" என்று மொபைலுக்கு வரிசையாகச் செய்தி வருகிறது. யார் வருவது? எங்கள் பகுதியில் பல ஆலைகளில் மொபைல் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உற்பத்திப் பகுதிக்குள் நுழைய முடியும்; சில இடங்களில் போன் கேமரா மீது ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். டீ பிரேக்கில்தான் செய்தியையே பார்க்க முடியும். பார்த்தாலும் கேட் பாஸ் வாங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து வீடு போய்ச் சேர எவ்வளவு நேரம்? நாய் நாற்காலிக் காலைக் கடித்துக் கொண்டிருந்தால் பரவாயில்லை. கயிற்றில் சிக்கிக் கொண்டிருந்தால்?

மின்சாரம் போனால் கேமராவும் போகும்

இன்னொரு முக்கியக் குறை. பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் அறிவித்து மின்சாரத்தை நிறுத்தும் நாளை எடுத்துக் கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் வர பிற்பகல் ஆகும். மே மாதம், கத்திரி வெயில், மேல் மாடி வீடு. மின்விசிறி நிற்கிறது. அதே நொடியில் ரூட்டரும் நிற்கிறது. கேமராவும் நிற்கிறது. நாய்க்கு ஆபத்து வரும் நேரத்தில்தான் நம் சாதனம் கண்ணை மூடிக் கொள்கிறது.

நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுக்க வியர்க்காது. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக் கொள்ளும். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் சிரமம். எனவே ரூட்டருக்கும் கேமராவுக்கும் மினி யுபிஎஸ் வாங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் அது கேமராவைத்தான் காப்பாற்றும். மின்விசிறியைச் சுழல வைக்காது. "கேமரா ஆஃப்லைன்" என்று வரும் செய்தியைப் பெரும்பாலோர் தள்ளிவிடுவார்கள். என்னைக் கேட்டால், அதுதான் அன்றைய தினத்தின் முதல் அபாய மணி.

தானியங்கி உணவுப் பெட்டியும் அப்படித்தான். அமெரிக்காவில் பெட்நெட் என்ற நிறுவனம் இன்டர்நெட் வழியே இயங்கும் உணவுப் பெட்டிகளை விற்றது. 2016 ஜூலையில் சர்வர் கோளாறால் பல வீடுகளில் அவை சரியாக இயங்கவில்லை. 2020ல் மீண்டும் பல நாட்கள் பிரச்னை. உண்மையில், வளர்ந்த நாய்க்குக் காலையும் மாலையும் நம் கையால் உணவு வைத்தால் போதும். பகலில் அதற்குத் தேவை தண்ணீர். அடிப்பாகம் கனமான இரண்டு கிண்ணங்கள். இதற்கு எந்த சாப்ட்வேரும் தேவையில்லை.

அப்படியானால் கேமராவே வேண்டாமா?

வேண்டும். காவலுக்கு அல்ல, அளந்து பார்க்க. தனிமையைத் தாங்காத நாய்கள் பெரும்பாலும் நாம் கிளம்பிய முதல் அரை மணி நேரத்திற்குள் அதனைக் காட்டிவிடும். குரைக்கும், ஊளையிடும், கதவைப் பிறாண்டும், எச்சில் வடிக்கும். மூன்று நாட்கள் பதிவு செய்து பாருங்கள். கதவருகே விடாமல் அலைகிறதா, பத்து நிமிடத்தில் படுத்து உறங்கிவிடுகிறதா என்பது தெரிந்துவிடும். வீட்டு உரிமையாளர் "உங்கள் நாய் நாள் முழுக்கக் குரைக்கிறது" என்று சொல்லும்போது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று பேசவும் இது உதவும். நிலைமை மோசமாக இருந்தால் அந்த வீடியோவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம்.

இதற்குப் புதிய கேமராகூடத் தேவையில்லை. பயன்படுத்தாமல் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனோ, லேப்டாப்பின் வெப்கேமோ போதும். போனை நாள் முழுக்க சார்ஜரில் விடாதீர்கள், பேட்டரி உப்பும்.

பேசும் வசதி பற்றியும் ஒரு வார்த்தை. கேமரா வழியே நான் "மணி!" என்று கூப்பிட்டால், அவன் எழுந்து கட்டிலுக்குப் பின்னால் சென்று என்னைத் தேடுகிறான். குரல் வருகிறது, ஆள் இல்லை. அவனுக்கு அது ஆறுதலா, ஏமாற்றமா? தேடி முடித்து வாசலில் போய் உட்கார்வதைப் பார்த்த பிறகு, அந்த வசதியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்?

1. முதலில் ஆளைத் தேடுங்கள். கேமராவைப் பிறகு தேடலாம். எங்கள் கீழ் வீட்டில் தையல் வேலை செய்யும் அக்கா மதியம் ஒரு மணிக்கு மாடிக்கு வந்து கதவைத் திறப்பார். மணியைக் காலி மனைப் பக்கம் இருபது நிமிடம் நடக்க வைத்து, தண்ணீர் மாற்றிவிட்டுப் போவார். மாதம் ரூ.2,000 தருகிறேன். இதனை உதவி என்று கேட்காமல், வேலை என்று மதித்துப் பணம் கொடுங்கள். அப்போதுதான் அது தினமும் நடக்கும். பதினோரு மணி நேரம் இரண்டு ஆறு மணி நேரத்திற்கும் குறைவான துண்டுகளாக உடைந்துவிடும்.

2. ஷிஃப்ட் முறையைப் பயன்படுத்திக் கொள்ளுங்கள். நீங்கள் காலை ஷிஃப்ட், பக்கத்து அறை நண்பர் மதிய ஷிஃப்ட் என்றால், இரண்டு வீட்டு நாயையும் இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கொள்ளலாம்.

3. அலாரம் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலான கேமரா ஆப்களில் இன்னொருவருக்கும் பார்க்கும் அனுமதி தரலாம். அக்காவிடம் இருப்பது சாதாரண போன் என்றால், ஒரு மிஸ்டு கால் போதும். "மேலே போய்ப் பாருங்கள்" என்று பொருள் என முன்பே பேசி வைத்துக் கொள்ளுங்கள். மின்தடை நாளை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

4. வீட்டிற்கு வருபவரிடம் கேமரா எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். நாய் படுக்கும் இடத்தை மட்டும் பார்க்கும்படி வையுங்கள். நாயைப் பார்க்க வைத்த கேமரா மனிதரை வேவு பார்க்கக் கூடாது.

5. கேமராவுடன் வரும் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். 2016ல் பரவிய மிராய் என்ற கெடுதல் புரோகிராம், நிறுவனங்கள் தரும் சுமார் 60 பாஸ்வேர்டுகளை மட்டும் முயன்று பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வப்போது ஃபர்ம்வேர் அப்டேட்டையும் செய்திட வேண்டும்.

"இவ்வளவு சிரமம் என்றால் நாய் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். குடும்பம் வேறு ஊரில், நண்பர்கள் வேறு ஷிஃப்டில் என்று வாழும் இடத்தில், மாலை கதவைத் திறந்ததும் வாலை ஆட்டி வரவேற்க ஓர் உயிர் இருப்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் அந்த மகிழ்ச்சி நமக்கு மாலையில் ஐந்து நிமிடம். அதற்கான காத்திருப்பு அதற்குப் பகல் முழுவதும். மதியம் கதவைத் திறக்க ஆள் கிடைக்காதவர்கள், கிடைக்கும் வரை நாய் வாங்குவதைத் தள்ளிப் போடலாம். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டி என்றால் கட்டாயம் தள்ளிப் போட வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை கேமரா விலையைப் பார்ப்பதற்கு முன், இரண்டாவது சாவி ஒன்று செய்து கொள்ளுங்கள். அதனை யாரிடம் கொடுக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.