கிற்றார் சோறு போடுமா?

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடியும் நேரம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஒரு தகப்பன் என்னைத் தனியே அழைத்தார். இரவில் கட்டடங்கள் துப்புரவு செய்து, பகலில் நித்திரை கொள்ளும் மனிதர்.

"அண்ணை, மூத்தவன் மேல்நிலைப் பள்ளியிலை இசைப் பிரிவுக்குத்தான் எழுதப்போறன் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறான். கிற்றார் படிக்கப்போறானாம். நான் இவ்வளவு பாடுபட்டது அவன் கம்பியைத் தட்டவோ? உது சோறு போடுமோ?"

அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பிள்ளையின் படிப்புத்தான் காணி, பூமி, வீடு எல்லாம். டொக்டர், எஞ்சினியர் என்று நாம் சொல்வது பெருமைக்காக மட்டுமல்ல, பயத்தினாலும்தான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இந்த ஒஸ்லோ நகரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அன்று வாசலில் நின்று சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மயோர்ஸ்துவா பகுதியில் நோர்வே இசை உயர்கல்லூரி இருக்கிறது. 1973இல் தொடங்கப்பட்டது. அங்கே கிற்றார் பேராசிரியராக இருந்தவர் எரிக் ஸ்ரென்ஸ்ராட்வொல்ட். 1948இல் பிறந்தவர். மேடையில் வாசிக்கும் கலைஞர், மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர், பழைய ஏடுகளைத் தேடிப் படிக்கும் ஆய்வாளர் என்று மூன்று வேலைகளையும் ஒருவரே செய்தார். 1760 முதல் 1860 வரை ஐரோப்பாவில் அச்சான கிற்றார் பயிற்சி நூல்களைத் தேடித் தொகுத்து, குறிப்புகளோடு ஒரு பெரிய நூற்பட்டியலை 2010இல் வெளியிட்டார். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் கிற்றாரை எப்படி இழிவாக எழுதின என்பதைப் பற்றியும் 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆம், "உது ஒரு வாத்தியமோ?" என்று கேட்டவர்கள் ஐரோப்பாவிலும் இருந்திருக்கிறார்கள்.

மூன்று வேலை என்றால் மூன்று பாரம் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. ஓர் உதாரணம் சொல்கிறேன். செவ்வியல் கிற்றாரை வலக்கை விரல்களால் மீட்டுகிறார்கள். நகத்தால் மீட்டுவதா, விரல் நுனித் தசையால் மீட்டுவதா? இது வாசிப்பவனுக்கு வரும் கேள்வி. பழைய நூல்களைப் புரட்டினால், பெர்னாண்டோ சோர் நகமில்லாமல் வாசித்தார், அவருடைய நண்பர் அகுவாதோ நகத்தால் வாசித்தார் என்று தெரிகிறது. இது ஆய்வு. இரண்டையும் வாசித்துக் காட்டி, "உன் கைக்கு எது பொருந்தும்?" என்று மாணவனைக் கேட்பது ஆசிரியத் தொழில். மேடையில் பிறந்த கேள்வி ஏட்டுக்குப் போய், வகுப்பறை வழியாகத் திரும்பவும் மேடைக்கு வருகிறது.

அந்தச் சோரின் கதையை நாம் அறிந்திருக்க வேண்டும். 1778இல் பார்சலோனாவில் பிறந்தவர். ஸ்பெயினை நெப்போலியனின் படை பிடித்திருந்தபோது அந்த ஆட்சியின் கீழ் பதவி வகித்தவர். படை பின்வாங்கியபோது, 1813இல், நாட்டைவிட்டுப் பாரிசுக்குப் போனார். பிறகு லண்டன், மொஸ்கோ, மறுபடி பாரிஸ். 1839இல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவேயில்லை. எங்களைப்போல ஒரு அகதி. இசைக்கச்சேரி, இசையமைப்பு, மாணவருக்குப் பாடம் என்று மூன்றையும் செய்தே வாழ்ந்தார். தான் கண்டறிந்ததை 1830இல் ஒரு பயிற்சி நூலாகவும் எழுதிவைத்தார்.

எம்மவரிலும் இத்தகையவர்கள் உண்டு. வீணை தனம்மாளின் பேரனும் நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பியுமான புல்லாங்குழல் கலைஞர் த. விஸ்வநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இராக ஆலாபனையை ஆராய்ந்து 1975இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கச்சேரியையும் விடவில்லை. 2002இல் மறையும்வரை அங்கேயே கற்பித்தார்.

இனி, சோற்றுக் கணக்குக்கு வருவோம். உள்ளதை உள்ளபடி சொல்வதே நல்லது. கச்சேரியை மட்டும் நம்பி வாழ்பவர்கள் மிகச் சிலர். கொம்யூன் கலைப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை உண்டு. ஒவ்வொரு கொம்யூனும் அத்தகைய வசதியை அளிக்க வேண்டும் என்று 1997இல் சட்டமே வந்தது. ஆனால் அங்கே பல இடங்கள் முழுநேர வேலை அல்ல. ஆகவே பலர் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்தே மாதச் சம்பளம் ஆக்குகிறார்கள். உயர்கல்லூரிப் பதவிகளில் கற்பித்தலோடு ஆய்வுக்கும் கலைப் பணிக்கும் நேரம் உண்டு. ஆனால் அந்தப் பதவிகள் குறைவு, போட்டி கடுமை.

பெற்றோர் பலர் அறியாத இன்னொன்று: மேல்நிலைப் பள்ளியில் இசை, நடனம், நாடகப் பிரிவில் படித்து முடிப்பவருக்கும் உயர்கல்விக்கான பொதுத் தகுதி கிடைக்கிறது. மருத்துவம், பொறியியல் படிக்க வேண்டுமானால் கணிதம், பௌதிகம் போன்ற பாடங்கள் மேலதிகமாகத் தேவைப்படும். அதையும் பிறகு எடுக்கலாம். கதவு அடைபட்டுவிடாது, சற்றுச் சுற்றிப் போகவேண்டியிருக்கும். இசை உயர்கல்லூரிக்கோ வாசித்துக் காட்டும் நுழைவுத் தேர்வு உண்டு. பிள்ளைக்கு உண்மையில் கை வருகிறதா என்பதை இப்போதைய ஆசிரியரிடம் நேரே கேளுங்கள். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யும்படி பள்ளியிடம் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

ஊரில் அடுப்புக்கு மூன்று கல் வைப்போம். ஒரு கல்லில் பானை நிற்காது. வாசிப்பு, ஆய்வு, கற்பித்தல் என்ற மூன்று கல்லும் இருந்தால் பானை நிற்கும். "வாசிக்கப்போறன்" என்று மட்டும் சொல்லும் பிள்ளையிடம், "மற்ற இரண்டு கல்லும் எங்கே?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்காமலே "வேண்டாம்" என்பது உரிமையல்ல.

இத்தனையும் சொல்லிவிட்டு அந்தத் தகப்பனிடம் ஒன்று கேட்டேன்: "அவன் வாசிக்கிறதை நீங்கள் ஒருக்காலாவது இருந்து கேட்டிருக்கிறியளோ?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் பகலிலை நித்திரை எல்லோ அண்ணை. எழும்பிப்போடுவன் எண்டு அவன் கீழை நிலவறையிலை போயிருந்து வாசிக்கிறவன்."

தகப்பனின் நித்திரை கலையக்கூடாதென்று குளிரில் கீழே போயிருந்து வாசிக்கும் பிள்ளை பொறுப்பில்லாத பிள்ளையாக இருக்க முடியாது. மேல்நிலைப் பள்ளி விண்ணப்பத்துக்கு மார்ச் 1ஆம் திகதி கடைசி நாள். அதற்குமுன் ஒரு நாளாவது அவனை மேலே கூப்பிட்டு, இருந்து கேளுங்கள். முடிவு எதுவாயினும், கேட்ட பிறகு எடுத்த முடிவாக இருக்கட்டும்.