அணையும் கேஸ் ஹீட்டரை அணைய விடுங்கள்: எங்கள் நிலைப்பாடு

மார்கழியிலும் தை மாதத்திலும் தியாகதுருகத்துக்கு ஒரு போர்வை போதும். ரூம் ஹீட்டர் வாங்குகிற அளவுக்குக் கீழே குளிர் கிடையாது. கல்வராயன் மலை ஏறினால் கதை வேறு. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இரவு தங்குகிறவர்கள் கணப்பு கேட்கிறார்கள். வட மாநிலங்களில் பனிக்காலத்துக்கு விற்கும் கேஸ் ஹீட்டர் இன்று ஆன்லைனில் யாருக்கும் கிடைக்கிறது. அதை வாங்கலாமா, வாங்கியது அடிக்கடி அணைந்துவிடுகிறதே, எப்படிச் சரிசெய்வது என்ற கேள்விகளுக்கு எங்கள் நுகர்வோர் அமைப்பின் பதிலை எழுத்திலேயே வைக்கிறோம்.

படுக்கிற அறையில் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் கூடாது. ஏற்கெனவே இருக்கிற ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும்போது தானாக அணைந்தால், காரணம் தெரியாமல் அதை அணையவிடாமல் செய்யும் வேலையை மெக்கானிக் செய்யக் கூடாது. வீட்டுக்காரர் கேட்கவும் கூடாது.

பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரம் என்றாலும், இருக்கிற காற்று சுமார் 28 கன மீட்டர்தான். ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுதாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். மணிக்கு 300 கிராம் எரிக்கிற ஹீட்டரை இடுக்கில்லாமல் சாத்திய அறையில் வைத்தால், ஒரு மணி நேரத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். அதன் பிறகு எரிவாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு அதிகமாகும். இதற்கு மணம் கிடையாது. சிலிண்டர் கசிந்தால் நாறுவது அதில் கலந்த மெர்கேப்டன். எரிந்து முடிந்த காற்றில் அந்த நாற்றம் இருக்காது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு கார்பன் மோனாக்சைடு. தூங்குகிறவருக்குத் தலைவலி வந்ததுகூடத் தெரியாது.

நல்ல ஹீட்டரில் இதற்கென்றே ஒரு காவல் உண்டு. பைலட் எனப்படும் சிறு தீக்கு எதிரே விரல் நுனி அளவில் ஒரு உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அது தெர்மோகப்புள். தீ அதைச் சுடும்வரை சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறந்து, வால்வைத் திறந்தே பிடித்திருக்கும். ஆக்சிஜன் 18 சதவீதத்தை நெருங்கினால் பைலட் தீ கம்பி நுனியை விட்டு விலகும். கம்பி ஆறும், வால்வு மூடும், ஹீட்டர் அணையும்.

ஆக, அணைவது எப்போது என்று பாருங்கள். பற்றவைத்துக் குமிழை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தும் பைலட் நிற்கவில்லை என்றால் அது பெரும்பாலும் பழுது. மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்த ஹீட்டரில் தூசியும் சிலந்திக்கூடும் அடைத்திருக்கும். சிலிண்டரை மூடி, ஹீட்டர் நன்றாக ஆறிய பிறகு பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டி, காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். கம்பி நுனியில் கரி படிந்திருந்தால் துடைக்கலாம். கெட்டிருந்தால் அதே அளவுள்ளதை மாற்றலாம். ஸ்டவ் பர்னரைக் குத்துகிற பழக்கத்தில் ஜெட் துளைக்குள் ஊசி விட வேண்டாம். துளை பெரிதானால் கேஸ் கூடும், நீலத் தீ மஞ்சளாகும், சுவரில் கரி ஏறும். ஹோட்டல் அடுப்புக்கான ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டினாலும் இதே கேடுதான்.

ஆனால் ஒரு மணி நேரம் ஒழுங்காக எரிந்து, கதவு சாத்திய அறையில் அணைந்து, கதவைத் திறந்து காற்று வந்ததும் மறுபடி பிடித்துக்கொள்கிறதா? அதைப் பழுது என்று எண்ணாதீர்கள், அறையில் காற்று தீர்ந்துவிட்டது. அப்போது தெர்மோகப்புள் நுனியைத் தீக்குள் வளைத்துவிடுவதும், வால்வை மூடவிடாமல் கட்டிவைப்பதும் கொலைக்குச் சமம். மலிவு ஹீட்டர்கள் சிலவற்றில் இந்தக் காவலே இல்லை. அவை அணையாமல் எரிவதைத் தரம் என்று நினைக்க வேண்டாம்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலையில் ஒரே அறையில் படுத்த கேரளப் பயணிகள் 8 பேர், அவர்களில் 4 பேர் குழந்தைகள், காலையில் எழவில்லை. அறைக்குள் கேஸ் ஹீட்டர். கதவு, ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தன. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் தங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் இறந்ததற்கு அறைக்குள் இருந்த அடுப்புக்கரிப் புகை காரணமாகச் சொல்லப்பட்டது. அதனால் ஹீட்டர் வேண்டாம் என்றால் கரிச்சட்டி வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. அது இன்னும் மோசம். மலையில் காலங்காலமாக வீட்டுக்குள் விறகு எரித்தவர்கள்தானே என்பார்கள். கூரை வீடும் ஓட்டு வீடும் நூறு இடுக்கில் மூச்சு விட்டன. அலுமினிய ஜன்னல் போட்ட கான்கிரீட் அறை விடாது.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று எங்கள் உறுப்பினர்களிலேயே சிலர் கேட்டார்கள். எல்லோரும் விழித்திருக்கும் பெரிய கூடத்தில், ஜன்னல் திறந்திருக்க, ஆள் பார்வையில் எரிவதை நாங்கள் எதிர்க்கவில்லை. படுக்கையறையில் அது நடக்காது. குளிருக்குத்தானே ஹீட்டர், நடுராத்திரி எழுகிறவர் முதலில் சாத்துவது ஜன்னலைத்தான். கலிபோர்னியாவில் இத்தகைய ஹீட்டரை வீட்டு உபயோகத்துக்கு விற்கவே தடை. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் மாட்டியிருக்கும் கள்ளக்குறிச்சி வீடுகளுக்கும் இதுவரை சொன்னது அப்படியே பொருந்தும்.

மலையில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் கம்பளியும் வெந்நீர்ப் பையும் கூடுதலாகத் தரலாம். அது போதாதென்றால் ஆயில் நிரப்பிய மின்சார ஹீட்டர் இருக்கிறது. தங்கும் விடுதிகளுக்கு அனுமதி தரும்போது, அறையில் அடைக்க முடியாத காற்றுத் துவாரமும், கேஸ் கருவி இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் உண்டா என்று மாவட்ட நிர்வாகம் பார்க்க வேண்டும். தலைசுற்றல், குமட்டல் என்றால் ஆளை முதலில் வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். கேஸ் நாற்றம் அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906.

ஸ்டவ் மெக்கானிக்குகளிடம் ஒரு கோரிக்கை: காவலைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அப்படி மறுக்கிறவருக்கு வந்து பார்த்ததற்கான கூலியை வீட்டுக்காரர் கொடுத்தனுப்ப வேண்டும்.