உம்மும்மாவின் கிதாபும் லண்டன் பரீட்சையும்

கொழும்பிலும் தெஹிவளையிலும் பிள்ளைக்குப் பாடசாலை தேடும் முஸ்லிம் பெற்றோரிடையே ஒரு சொற்றொடர் மந்திரம்போல் வழங்குகிறது: 'பிரித்தானியப் பாடத்திட்டம், இஸ்லாமியச் சூழல்'. இம்மையும் கைக்கு வரும், மறுமையும் கைவிட்டுப் போகாது என்பது அதன் உட்பொருள். இப்பெற்றோரை இகழ்வது நம் நோக்கமன்று. அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் குறைவு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், பிள்ளை வெளிநாட்டில் படிக்கட்டும் என எண்ணாத நடுத்தர வீடு அரிது. பாடசாலையில் தொழுவதற்கு இடம் கேட்பதும் நியாயமே. நம் கேள்வி வேறு: அந்தச் சூழலில் இஸ்லாம் எந்த மொழியில் பேசுகிறது?

அண்மையில் நாம் சென்றிருந்த வீடொன்றில், அத்தகைய பாடசாலையில் பயிலும் சிறுவன் குர்ஆனிலிருந்து மனனம் செய்த பகுதியை ஓதிக் காட்டினான். பிழையற்ற உச்சரிப்பு. அவனுடைய உம்மும்மா உள்ளே சென்று பழைய கிதாபு ஒன்றை எடுத்து வந்து, "இதையும் கொஞ்சம் ஓதுங்க மகன்" என்றார். அரபுத்தமிழ் நூல். அரபெழுத்தைக் கண்டதும் சரளமாகத் தொடங்கினான். தமிழ் ஒலிகளுக்கென நம் முன்னோர் புள்ளியிட்டு ஆக்கிய எழுத்துகள் வந்ததும் தடுமாறினான். எழுத்துக் கூட்டி முடித்த வரி தூய தமிழ். அதன் பொருள் அவனுக்கு விளங்கவில்லை. கேட்டிருந்த உம்மும்மாவுக்கோ கண் கலங்கியது. மார்க்கக் கல்வி மிகுந்த ஒரு வீட்டில், மார்க்கம் பேசிய மொழி அறுந்து கிடந்தது.

கேம்பிரிட்ஜ் நடத்தும் 'இஸ்லாமியாத்' பாடத்தைப் பாருங்கள். குர்ஆன் பகுதிகள், ஹதீஸ்கள், நபிகளாரின் வாழ்வு, நான்கு கலீபாக்கள், ஈமானின் அடிப்படைகள், ஐந்து கடமைகள் அதில் உண்டு. நல்ல பாடம்தான். ஆனால் அதில் வரும் கலீபாக்களின் வரலாறு 661ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. காயல்பட்டினமும் பேருவளையும் கண்டியும் அதில் இல்லை. உலகம் முழுமைக்கும் வினாத்தாள் அமைப்போரிடம் அவற்றை எதிர்பார்க்கவும் முடியாது. அவ்விடைவெளியை நிரப்ப வேண்டியது பாடசாலை. அது நிரப்பாவிடில், தான் எப்படி முஸ்லிம் ஆனோம் என்பதறியாத முஸ்லிமாகப் பிள்ளை வளர்கிறது.

"தமிழ் வீட்டுப் பேச்சு, மார்க்கத்துக்கு அரபு போதும்" என்பார் உளர். வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 1572இலேயே 'ஆயிர மசலா' தமிழில் எழுந்தது. நபிகளாரின் வாழ்வை உமறுப்புலவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாக்கினார். கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து, படைப்போர் எனத் தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளையே தந்த சமூகம் இது. அரபுமொழி அறியாத நம் பெண்கள் மார்க்கத்தைக் கற்றது இத்தமிழில்தான். இதை வெட்டி எறிந்துவிட்டு மிஞ்சுவதற்கு 'இஸ்லாமியச் சூழல்' என்று பெயர் சூட்டுவது எந்த வகையில் பொருந்தும்?

"அப்படியாயின் ஆங்கிலம் வேண்டாமா?" என்ற வினா உடனே எழும். அதற்கு விடை சித்திலெப்பையின் வாழ்க்கை. முஸ்லிம்கள் ஆங்கிலக் கல்வியைப் புறக்கணித்த காலத்தில் அதற்காக வாதாடிய சட்டத்தரணி அவர். அவரேதான் 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1885இல் எகிப்தைக் களமாக்கி 'அசன்பேயுடைய கதை'யைத் தமிழில் எழுதினார். 1892இல், பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியான பாடசாலை மருதானையில் உருவாகக் காரணமானோருள் ஒருவரானார். ஆங்கிலத்துக்கு விலையாகத் தமிழைக் கொடுக்க வேண்டும் என அவர் கருதவில்லை. நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நமக்கு மட்டும் ஏன் இந்தப் பண்டமாற்று?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நோன்புக்கால விடுமுறையும், தமிழில் இஸ்லாம் பாடமும் அரசின் முஸ்லிம் பாடசாலைகளில் கட்டணமின்றிக் கிடைப்பவை. அங்கே இலவசமாயிருப்பதில் ஒரு பாதியை மட்டும் இங்கே காசு கொடுத்து வாங்குகிறோம். மறுபாதி எங்கே என்று கேட்பவரைக் காணோம்.

சர்வதேசப் பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழன்றிக் கம்பனிகளாகப் பதிவானவை. எனவே கட்டணம் செலுத்துவோர் கேட்பதே அங்கு பாடத்திட்டம் ஆகும். அனுமதிக்குச் செல்லும் நாளில் தொழுகை அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். தமிழ் எந்த வகுப்பு வரை கற்பிக்கப்படுகிறது? அது பரீட்சைக்குரிய பாடமா, வாரத்தில் ஒருநாள் ஒப்புக்கு நடப்பதா? நூலகத்தில் சீறாப்புராணம் இருக்கிறதா? பத்துப் பெற்றோர் கேட்டால் நிருவாகம் சிரிக்கும். நூறு பெற்றோர் கேட்டால் ஆசிரியரைத் தேடும்.

அந்தக் கிதாபு இன்னும் அவ்வீட்டு அலுமாரியில் இருக்கிறது. உம்மும்மாவுக்குப் பிறகு அதை விரித்துப் பொருள் சொல்ல அவ்வீட்டில் எவரும் இலர்.