சிறுவிடைக் கோழிக்கு நொய் மட்டும் போதுமா? புரதக் கணக்கு சொல்வது என்ன?

"நாட்டுக்கோழிக்கு என்னங்க தீவனம், அதுவே மேஞ்சுக்கும்." தமிழகக் கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பாதி உண்மை. மீதிப் பாதிதான் குஞ்சுகளைக் கொல்கிறது.

சிறுவிடை சின்ன உடம்புக்காரக் கோழி. பெட்டை ஒன்றேகால் கிலோ வந்தாலே பெரிய விஷயம். உடம்பு சிறிது என்பதால் தின்பதும் குறைவு. நாளைக்கு 70 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 70 கிராமும் அரிசி நொய் என்றால், அதில் இருக்கும் புரதம் 5 முதல் 6 கிராம்தான். அது இடும் 40 கிராம் முட்டையிலேயே 5 கிராம் புரதம் போய்விடுகிறது. அப்புறம் இறகுக்கு எங்கே, சதைக்கு எங்கே?

முன்பு இந்தப் பள்ளத்தைக் குப்பைமேடு நிரப்பியது. புழு, பூச்சி, கரையான், சாணத்தைக் கிளறினால் கிடைப்பது எல்லாம் புரதம்தான். இன்று வாசல் சிமென்ட் தரை, கோழி இருப்பது மொட்டைமாடிக் கூண்டில். ஆனால் தீவனம் மட்டும் பாட்டி காலத்து ஒரு பிடி நொய். இதை 'இயற்கை வளர்ப்பு' என்று சொல்வது கோழியை ஏமாற்றும் வேலை.

அதிகம் அடிபடுவது குஞ்சுகள். முதல் எட்டு வாரத்துக்குத் தீவனத்தில் 18 முதல் 20 சதவீதம் புரதம் வேண்டும். குறைந்தால் இறகு முளைக்காது, ஒன்றையொன்று கொத்தும், நோய் வந்தால் தாங்காது. இறகே புரதம்தானே!

சரி, கடையில் பிராய்லர் தீவனம் வாங்கிப் போட்டால்? அது ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏற வேண்டிய கோழிக்கானது. குஞ்சுப் பருவத்தில் ஸ்டார்ட்டர் கொடுப்பதில் தப்பில்லை. வளர்ந்த சிறுவிடைக்கு அதையே தொடர்ந்தால் காசுதான் விரயம். மிச்சப் புரதம் எச்சத்தில் போய்க் கூண்டில் அம்மோனியா நெடி அடிக்கும். லேயர் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடவே கூடாது. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டிலேயே கலக்கலாம். மக்காச்சோளம், கம்பு, நொய் சேர்ந்து ஆறரை கிலோ, தவிடு ஒரு கிலோ, கடலைப்பிண்ணாக்கு ஒன்றரை கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் ஒரு கிலோ, கூடவே 200 கிராம் தாது உப்புக் கலவை. புரதம் ஏறக்குறைய 18 சதவீதம் வந்துவிடும். தானியத்தில் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் போதாது. கருவாடு அதை ஈடுகட்டும். சமையலுக்கான உப்புக் கருவாட்டைப் போட்டால் கழிச்சல்தான். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு விஷம். மாடு தின்னுதே என்று கோழிக்கும் போட்டுவிடக் கூடாது.

அசோலா? நல்லதுதான். ஆனால் பச்சையாக இருக்கும்போது அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் நம்பினால் வயிறு நிறையும், புரதம் நிறையாது.

செலவே இல்லாத வழி பழைய கரையான் பானை. ஈரச் சாணம், கிழிந்த கோணி, காய்ந்த ஓலை போட்ட பானையைக் கரையான் நடமாட்டமுள்ள மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுகளுக்குத் தட்டிவிடலாம். மழைக்காலத்தில் சரிவராது. செம்மண் காட்டுப் பக்கம் கோடையில் சக்கைப்போடு போடும்.

கூட்டில் பத்துக் குஞ்சு பொரித்து மூன்று மிஞ்சினால் "கண்ணு பட்டுடுச்சு" என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கீரி, பருந்து, வெள்ளைக்கழிச்சல் எல்லாம் காரணம்தான். தீவனத் தட்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.