கடைக்குப் பேர் வெச்சது தாத்தா, டாட் காமுக்குப் பேர் வெச்சது எவன்?

கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்குங்க மக்களே.

திருநெல்வேலி பக்கம் ஒருத்தர் செக்கு எண்ணெய்க் கடை போடறார்னு வெச்சுக்குங்க. போர்டுல என்ன பேர் எழுதறதுன்னு ஜோசியர், எண்கணிதம், குலதெய்வம், மாமனார்னு ஆறு மாசம் அலையுறார். அதே ஆள் வெப்சைட்டுக்குப் பேர்னு வந்ததும், "தம்பி, நீங்களே பார்த்து ஒண்ணு போட்டுருங்க"ன்னு வெப் டிசைனர்கிட்ட சொல்லிட்டு எள்ளு வாங்கப் போயிடறார். என் சண்டையே இங்கதான்.

தம்பி என்ன போடுவார்? 'பெஸ்ட் ஹைபன் செக்கு ஹைபன் ஆயில் ஹைபன் திருநெல்வேலி டாட் காம்'. ஏன்யா இப்படின்னா, "எஸ்ஈஓ சார்"ம்பார். இந்த மந்திரம் ஒரு காலத்துல பலிச்சது உண்மைதான். ஜனங்க தேடுற வார்த்தையையே பேரா வெச்சா தேடல்ல முன்னாடி வரும். 2012 செப்டம்பர்ல கூகிள் இதுக்குன்னே ஒரு மாற்றம் கொண்டுவந்து, உள்ளே சரக்கு இல்லாம பேரை மட்டும் வெச்சு முன்னுக்கு வந்த தளங்களைக் கீழே தள்ளியது. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம தம்பிகளுக்கு இன்னும் தந்தி வந்து சேரலை போல.

அது கிடக்கட்டும். அந்தப் பேரை போன்ல ஒருத்தருக்குச் சொல்லிப் பாருங்க.

"பெஸ்ட்... அப்புறம் ஒரு கோடு போடுங்கம்மா."

"எந்தக் கோடு தம்பி? நடுவுலயா, கீழயா?"

அவ்வளவுதான். அந்தம்மா போனை வெச்சுட்டு மளிகைக் கடையில பாக்கெட் எண்ணெய் வாங்கிடுவாங்க.

சின்னக் கடையோட பேர் வாய் வழியாத்தான் ஊரைச் சுத்துது. காதால கேட்டவங்க ஒரே தடவையில சரியா தட்டச்சு செய்யணும். தமிழ்ப் பேர்ல இது லேசுப்பட்ட காரியம் இல்லை. 'செக்கு'க்கு முதல் எழுத்து சி-யா, எஸ்-ஆ? 'க்கு'வுக்கு கே ஒண்ணா, ரெண்டா? 'திரு'வுக்கு ஹெச் உண்டா, இல்லையா? இந்த மூணு சந்தேகத்துலேயே எட்டு விதமா எழுதலாம், கணக்குப் போட்டுப் பாருங்க. பேர்ல ஒரு 'ழ' இருந்துட்டா கேட்கவே வேண்டாம். இசட் ஹெச் கட்சி ஒருபக்கம், எல் கட்சி ஒருபக்கம்.

அரசாங்கமே இதுல வழுக்கி விழுந்திருக்கு. 2020 ஜூன்ல தமிழக அரசு 1018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புப்படி மாத்தறோம்னு அரசாணை வெளியிட்டுச்சே, ஞாபகம் இருக்கா? கோயம்புத்தூருக்கு அடுக்கடுக்கா ரெண்டு 'டி ஹெச்', அப்புறம் ரெண்டு 'ஓ'. ஊரே சிரிச்சது. சில நாள்லயே ஆணையைத் திரும்ப வாங்கிட்டாங்க. கோட்டையில உட்கார்ந்து முடிவு பண்ண முடியாத எழுத்துக்கூட்டலை, லேப்டாப்போட வந்த ஒரு தம்பி அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்றார்!

பேர் தேர்வு செய்ய வேண்டியது கடைக்காரர்தான். வழியும் சுலபம். ஊர்ல ஜனங்க கடையை எப்படிக் கூப்பிடறாங்களோ அந்தச் சின்னப் பேரை எடுங்க. போர்டுல இருக்கிற முழு நீளப் பேர் வேண்டாம். பத்து வாடிக்கையாளர்கிட்ட வாயால சொல்லி, ஆங்கிலத்துல எழுதித் தரச் சொல்லுங்க. அதிகம் பேர் எழுதினது எதுவோ அதுதான் உங்க டொமைன். ரெண்டாவதா வந்ததையும் வாங்கி, முதலாவதுக்குத் திருப்பி விட்டுடுங்க. தீபாவளி காலண்டருக்கு ஆகுற செலவுல பாதி கூட ஆகாது.

"தமிழ்லயே வைக்கலாமே, இந்த ழ, ள தொல்லையே இருக்காதே"ன்னு நம்மாளுங்க கேட்பீங்க. எனக்கும் ஆசைதான். '.இலங்கை' 2010லயும், '.இந்தியா' 2011லயும் இணையத்தோட மூலப்பட்டியல்ல ஏறிடுச்சு. ஆனா அந்த முகவரியை வெட்டி வேற இடத்துல ஒட்டினா பல சமயம் 'எக்ஸ் என்'னு ஆரம்பிச்சு ஜிலேபி சுத்தின மாதிரி எழுத்து வருது. மின்னஞ்சலும் எல்லா இடத்துலயும் ஒழுங்கா போறதில்லை. உபரியா ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க. கல்லாவை அதை மட்டும் நம்பித் திறக்காதீங்க.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன். எனக்குத் தெரிஞ்ச மாவு மில்காரர் ஒருத்தர். டிசைனர் அவர் சொந்தக் கணக்குலேயே டொமைனைப் பதிவு பண்ணி வெச்சிருந்தார். பில் புக், கட்டைப்பை, டெலிவரி வண்டி எல்லாத்துலயும் அந்தப் பேர். மூணாவது வருஷம் டிசைனர் தொழிலை விட்டுட்டு எங்கேயோ போயிட்டார், போன் எடுக்கலை. புதுப்பிக்கச் சொல்லி வந்த மடலெல்லாம் அவர் பெட்டிக்குத்தான் போயிருக்கு. டாட் காம்ல கெடு முடிஞ்ச பிறகும் மீட்க அவகாசம் உண்டு, கடைசி 30 நாள்ல அபராதம் கட்டியாவது எடுக்கலாம். ஆனா எடுக்க வேண்டியது யாரு? யார் கணக்கோ அவரு. மில்காரர் பணத்தைக் கையில வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தார். இப்ப அந்த முகவரிக்குப் போனா ரம்மி விளையாடக் கூப்பிடுது. வண்டியில இன்னமும் அதே பேர்தான் ஓடிக்கிட்டிருக்கு.

வீட்டுமனையை மேஸ்திரி பேர்ல பத்திரம் பண்ணுவீங்களாய்யா?

டிசைனருங்க எல்லாம் திருடங்கன்னு சொல்லலை. பாதி பேர் "சாருக்கு எதுக்குத் தொந்தரவு"ன்னு நல்லெண்ணத்துலதான் செய்யறாங்க. அந்த நல்லெண்ணம்தான் வினை. கணக்கு உங்க பேர்ல, உங்க மின்னஞ்சல்ல, உங்க செல் நம்பர்ல இருக்கணும். டிசைனருக்கு வேலை செய்ய என்ன அனுமதி வேணுமோ அதை மட்டும் குடுங்க.

பி.கு: 'ஹூ இஸ்'ல தேடினா என் பேர் தெரியுமேன்னு இருந்துடாதீங்க. 2018க்கு அப்புறம் நிறைய டொமைன்களுக்கு அங்கே உரிமையாளர் விவரத்தை மறைச்சுடறாங்க. பதிவு செஞ்ச நிறுவனத்தோட தளத்துல நீங்களே உள்ளே நுழைய முடியுதான்னு இன்னிக்கு ராத்திரி பார்த்துடுங்க. முடியலைன்னா காலையில முதல் போன் டிசைனருக்கு.