பழைய ஓனர் வைத்த மெயின்டனன்ஸ் பாக்கி: புது ஓனர் கட்டணுமா?

பெங்களூருவில் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வில்லங்கச் சான்று சுத்தம், பத்திரப்பதிவும் முடிந்தது. சாவியோடு போனால் குடியிருப்போர் சங்கம் சொல்கிறது: "முந்தைய ஓனர் மூணு வருஷமா மெயின்டனன்ஸ் கட்டலை. மாசம் ரூ.4,000 கணக்குல ரூ.1,44,000 பாக்கி. நீங்கதான் கட்டணும்."

அப்படிக் கேட்க சங்கத்துக்கு உரிமை இருக்கா? பல நேரங்களில் இருக்கு.

வில்லங்கத்தில் ஏன் வரவில்லை?

வில்லங்கச் சான்றில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். மெயின்டனன்ஸ் பாக்கி இருப்பது சங்கத்தின் கணக்கில்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மகாராஷ்டிராவின் 1970-ம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டமும் கர்நாடகாவின் 1972-ம் ஆண்டு சட்டமும் இதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றின்படி, பொதுச் செலவு பாக்கி அந்த ஃபிளாட்டின் மீதே பொறுப்பாக ஏறும். அரசு, மாநகராட்சி வரிகளும் முதல் அடமானக் கடனும்தான் அதற்கு முன்னால் வரும். விற்பனை நாள் வரையிலான பாக்கிக்கு விற்றவர், வாங்கியவர் இருவருமே பொறுப்பு. சங்கம் யாரிடமும் முழுத்தொகையைக் கேட்கலாம். நீங்கள் கட்டினால், அதை விற்றவரிடம் திரும்ப வசூலிக்கலாம். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு போனவரைத் துரத்துவது லேசான வேலை இல்லை.

உங்களைக் காப்பாற்றும் கடிதம்

பலரும் கவனிக்காத பாதுகாப்பு ஒன்று இதே சட்டங்களில் உண்டு. பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் தரும்படி சங்கச் செயலாளரிடம் கேட்க வாங்குபவருக்கு உரிமை இருக்கிறது. அதில் ரூ.90,000 என்று இருந்தால், உங்கள் பொறுப்பு அதோடு சரி. பிறகு 'கணக்கில் விட்டுப்போச்சு' என்று மீதி ரூ.54,000-ஐ உங்களிடம் கேட்க முடியாது.

ஒரு கண்டிஷன்: உறுதிமொழிப் பத்திரம் பதிவுசெய்து இந்தச் சட்டத்தின்கீழ் வந்த குடியிருப்புகளுக்கே இது பொருந்தும். மும்பையில் அதிகம் இருப்பவை கூட்டுறவு வீட்டுவசதி சங்கங்கள். அவற்றுக்கு 1960-ம் ஆண்டு கூட்டுறவுச் சட்டம். அங்கே பதிவாளரிடம் வசூல் சான்றிதழ் பெற்று, நிலவரி பாக்கி போலவே வசூலிக்க முடியும்.

வங்கி ஏலத்தில் வாங்கினால்?

கூடுதல் கவனம் தேவை. 'உள்ளது உள்ளபடி' விற்பனையில், சங்க பாக்கி ஏலம் எடுப்பவர் பொறுப்பு என்று அறிவிப்பிலேயே பல வங்கிகள் எழுதிவிடுகின்றன. மின்கட்டண பாக்கியிலும் இதே சிக்கல் உண்டு. விதிமுறை இடம் கொடுத்தால் பழைய பாக்கியைப் புது உரிமையாளரிடம் கேட்கலாம் என்று 2023 மே மாதம் கே.சி.நைனான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என்ன செய்யலாம்?

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சங்கத்திடம் பாக்கி விவரத்தைக் கையெழுத்து, தேதியோடு வாங்குங்கள். கிரய ஒப்பந்தத்தில் 'பதிவு நாள் வரையிலான பாக்கி விற்பவர் பொறுப்பு' என்று எழுதுங்கள். பாக்கி இருந்தால் அந்தத் தொகையை விலையில் கழித்து, நேரடியாகச் சங்கத்துக்கே கட்டி ரசீது வாங்குங்கள். இதையெல்லாம் பதிவுக்கு முன் செய்தால்தான் பலன். முழுப் பணமும் கைமாறிய பிறகு விற்றவர் போனை எடுப்பாரா என்பதே சந்தேகம்.